அகன்ற நெற்றிக்கு எந்த ஃப்ரிஞ்ச்?

கேள்வி: சென்னையில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன், வயது 34. வட்ட முகம், அகன்ற நெற்றி, அலையலையான முடி, கண்ணாடியும் அணிகிறேன். நெற்றியில் விழும்படி முன்முடியைக் குட்டையாக வெட்டும் ஃப்ரிஞ்ச் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எந்த வகை எனக்குப் பொருந்தும்? ஒன்றரை மாதத்தில் தங்கையின் திருமணம் வருகிறது.

பதில்: நெற்றி அகலம் என்பதற்காக அதை முழுவதும் மூட வேண்டியதில்லை. இந்தி நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைப்பதற்காக வெட்டப்பட்ட முன்முடி 1960-களில் 'சாதனா கட்' என்ற பெயரில் பெரிதும் பரவியது. நெற்றி அகலம் என்றதும் புருவம் வரை நேராக வெட்டிவிடும் பழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வட்ட முகத்தில் அப்படி வெட்டினால் முகத்தின் மேற்பகுதி மறைந்து, கன்னத்தின் அகலம் மட்டும் எஞ்சுவதால், முகம் இன்னும் குட்டையாகத் தெரியும். நெற்றியை அகலமாகக் காட்டுவது பெரும்பாலும் நெற்றிப்பொட்டுகளுக்கு மேலே உள்ள இரு மூலைகள்தான். அவற்றின் மீது முடி விழுந்து, நடுவில் நெற்றி கொஞ்சம் தெரிந்தால் முகத்துக்கு நீளமும் கிடைக்கும், நடுவில் வைக்கும் பொட்டும் மறையாது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது, நடுவில் பிரிந்து இரு பக்கமும் சரியும் 'கர்ட்டன் பேங்ஸ்'.

ஆனால் முக வடிவத்தைவிட முக்கியமானது, உங்கள் முன்முடி தானாக எந்தப் பக்கம் விழ விரும்புகிறது என்பது. ஒரு விடுமுறை நாளில் தலைக்குக் குளித்ததும், முன்பக்க முடியில் ஒரு பிடியை முகத்தின் மேல் சீவி இறக்கிவிட்டு, கை வைக்காமல் காயவிடுங்கள். நெற்றியோரத்தில் சுழி இருந்தால், எவ்வளவு நேராகச் சீவியிருந்தாலும் முடி அந்த இடத்தில் எழும்பிப் பிரியும். அந்தப் பிரிவையே வகிடாக வைத்துக்கொள்ளுங்கள், அது நடுவிலிருந்து விரலளவு தள்ளியிருந்தாலும் பாதகமில்லை. அதே சமயம் இன்னொன்றையும் பாருங்கள்: ஈரமாக இருந்தபோது மூக்கு நுனியைத் தொட்ட முடி, காய்ந்தபின் எங்கே நிற்கிறது? அலை முடி இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே ஏறிவிடுவது சாதாரணம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு மணப்பெண்ணின் சுருள் முடியை ஈரத்தில் புருவம் வரை அளந்து வெட்டி, அது காய்ந்து நடு நெற்றியில் போய் நின்றதைப் பார்த்துத் திகைத்திருக்கிறேன். அன்று முதல் முன்முடியைக் காய்ந்த பிறகே வெட்டுகிறேன். நீங்களும் பார்லரில் அவ்வாறே கேளுங்கள்.

வெட்டும் பகுதி ஒரு சிறு முக்கோணம். அதன் உச்சி, தலை நெற்றியை நோக்கிச் சரியத் தொடங்கும் இடத்திலும், மற்ற இரு முனைகள் புருவங்களின் வெளி ஓரத்துக்கு நேர் மேலேயும் இருக்க வேண்டும். அதற்கு வெளியே முடி எடுத்தால் பக்கவாட்டு அடர்த்தி குறைந்து, மறைக்க நினைத்த மூலைகளே வெளிப்பட்டுவிடும். முதல் முறை நடுவில் உள்ள மிகக் குட்டையான இழை மூக்கின் நடுவரை இருக்கட்டும். பக்கங்கள் கன்ன எலும்புக்குக் கீழே இறங்கட்டும். கண்ணாடி அணிபவர்களுக்கு இந்த நீளம் இன்னொரு வகையிலும் நல்லது: புருவத்தளவு வெட்டிய முடி ஃபிரேமின் மேல் விளிம்பில் மோதி மடங்கும், இது அதைத் தாண்டிப் பக்கவாட்டில் விழும். கண்ணாடியுடனேயே போய் அமர்ந்து, வெட்டி முடித்ததும் அணிந்து பாருங்கள்.

டிரையரால் நேராக்கிய முடி சென்னைக் காற்றின் ஈரத்தில் பழைய அலைக்கே திரும்பிவிடும். நேராக நிற்பது, முடியின் உள்ளே வெப்பத்தில் தற்காலிகமாக உருவாகும் பிணைப்புகளால்தான். காற்றின் ஈரமே அவற்றை அவிழ்த்துவிடப் போதும். அதற்காக, இந்த ஒரு பிடி முடிக்கு ரசாயனத்தால் நிரந்தரமாக நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னிங் செய்துகொள்ள வேண்டாம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், இரண்டு மூன்று மாதங்களில் வேர்ப்பக்கம் அலையும் நுனிப்பக்கம் நேருமாக நெற்றியிலேயே பளிச்சென்று தெரியும். எண்ணெயை முன்முடியில் தடவாதீர்கள். வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுப்பதுடன், சிலருக்கு நெற்றியில் பருக்களும் வரும். பிசுபிசுத்தால் முழுத் தலைக்கும் குளிக்காமல், முன்முடியை மட்டும் வாஷ்பேசினில் அலசிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நெற்றி பிறவியிலேயே அகலமா, அல்லது இறுக்கப் பின்னிப் பின்னி முன்வரிசை முடி சில ஆண்டுகளாகப் பின்வாங்கியிருக்கிறதா? பின்னது என்றால் ஃப்ரிஞ்சுக்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

திருமணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். சற்றுக் குட்டையாகிவிட்டாலும் அதற்குள் ஓரளவு இறங்கிவிடும். அன்று நெற்றிச்சுட்டி அணிவதானால், வகிட்டில் சங்கிலியைப் பொருத்திய பிறகே முன்முடியை இரு பக்கமும் இறக்கச் சொல்லுங்கள். முதலில் முடியை அலங்கரித்தால் சுட்டியின் கொக்கி அதைக் கலைத்துவிடும்.