வாசகர் கேள்வி பதில்: ஸ்பிளிட் நகரத்து மரக்கதவு

கேள்வி: குரோஷியா போய்வந்த என் அக்கா, ஸ்பிளிட் பேராலயத்தின் மரக்கதவைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். எண்ணூறு வருஷப் பழசாம். நம்பலாமா? செய்தவர் யார்? – வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக நம்பலாம். 1214ஆம் ஆண்டு, புனித ஜார்ஜியார் திருநாளையொட்டிய வேலை அது. செய்தவர் உள்ளூர்க்காரரான அந்திரியா புவினா. பதினேழு அடிக்கு மேல் உயரம், ஓக் பலகையில் அடித்தளம், அதன்மேல் வால்நட் மரத்தில் செதுக்கிய கட்டங்கள், ஒரு கதவுக்கு 14 வீதம் மொத்தம் 28. கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்து சொல்வதில் தொடங்கி, குழந்தைகளை ஏரோது கொல்வது, கானா ஊர்க் கல்யாணம், லாசர் உயிரோடு எழுவது, கடைசி இராவுணவு என்று போய் விண்ணேற்றத்தில் முடிகிறது கதை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசலிலேயே சுவிசேஷம்! படத்தைப் பெரிதாக்கிக் கட்டங்களின் ஓரங்களைப் பாருங்கள்: திராட்சைக்கொடி, அதற்குள் பறவைகளும் மிருகங்களும். எனக்கென்னவோ அங்கேதான் அவர் கை இன்னும் சுதந்திரமாக ஓடியிருப்பதாகத் தோன்றுகிறது.

கேள்வி: புவினாவின் வாழ்க்கை வரலாறு கிடைக்குமா? – வாசகர், கோவை

பதில்: வரலாறு என்று சொல்லும் அளவுக்குக் கிடையாது. இருப்பது ஒரு பழைய ஏட்டுக் குறிப்புதான், அதிலும் வேடிக்கை, அவரைத் தச்சர் என்றோ சிற்பி என்றோ சொல்லாமல் ஸ்பிளிட் நகரத்து ஓவியர் என்கிறார்கள். யோசித்தால் பொருந்துகிறது, ஏனென்றால் இன்று பழுப்பாகத் தெரியும் இந்தக் கதவுக்கு ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்கள். புனித கிறிஸ்டோபரையும் அவர் வரைந்ததாகச் சொல்வார்கள், அந்தப் படம் இப்போது இல்லை. 28 கட்டத்தையும் ஒரே ஆள் செதுக்கியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை, கூடக் கைவேலைக்கு நாலு பேராவது இருந்திருப்பார்கள். அப்புறம், பக்கத்து ஊர் திரோகிரில் ரதோவான் என்றொரு கல்தச்சர் 1240இல் பேராலய வாசலைச் செதுக்கி, இந்தக் கலையில் எல்லோரிலும் சிறந்தவன் என்று தன்னைப் பற்றி அங்கேயே பொறித்துவைத்தார். புவினாவிடம் அந்தக் கெத்து இல்லை போலிருக்கிறது!

கேள்வி: அந்தப் பேராலயம் ரோமச் சக்கரவர்த்தியின் சமாதியாமே? – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆமாம். கிறிஸ்தவர்களை வேட்டையாடிய டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிக்கொண்ட எண்கோணச் சமாதி. அவர் ஆட்சியில் கொல்லப்பட்ட சலோனா ஆயர் தோம்னியுஸ் பெயரில்தான் இன்று அங்கே பூசை நடக்கிறது, சக்கரவர்த்தியின் கல்பெட்டியைக் காணோம். போகிறவர்கள் கதவைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே பாடகர் குழுவுக்கான மர இருக்கைகள் இருக்கின்றன, அவையும் 13ஆம் நூற்றாண்டுச் செதுக்கு வேலைதான்.