கடல் பாதுகாப்புப் பகுதி என்றாலே மீனவர்கள் எதிர்ப்பது ஏன்?

எல்லா மீனவர்களும் எதிர்ப்பதில்லை. எனக்குப் பழக்கமான மன்னார் வளைகுடாவை வைத்துச் சொல்கிறேன்.

என் பெரியம்மா பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர். வத்தை என்ற சிறு படகில் ஏறுவதற்கு முன் பழைய சேலையை நாடா நாடாகக் கிழித்து விரல் ஒவ்வொன்றிலும் சுற்றிக்கொள்வார். பாறை கிழிக்காமலிருக்க வேறு கவசம் கிடையாது. காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் பை. மூச்சை அடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி எடுப்பார். அகர் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்க அதை வாங்கிப் போவார்கள்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலும் 1986இல் தேசியப் பூங்காவாயின. பெண்கள் முங்கக்கூடிய ஆழமும் அதுதான். ஒருமுறை ரோந்து வந்தவர்கள் பெரியம்மாவின் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். "கல்லையே டன் கணக்கில் வெட்டிக்கொண்டு போனபோது யாரும் கேட்கவில்லை. நான் கையால் கிள்ளினால் குற்றமா?" என்று வீட்டுக்கு வந்து பொருமினார். அவர் சொன்னது பொய்யில்லை. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்குமாகப் பவளப் பாறையைப் பல்லாண்டுகள் வெட்டினார்கள். 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. கூலிக்கு வெட்டியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது.

கடலடியில் ஊரும் உயிரான கடல் அட்டை விவகாரம் இன்னும் கசப்பானது. அதைப் பிடிக்க 2001இல் இந்தியா முழுவதும் தடை வந்தது. முக்குளித்துப் பிழைத்தவர்களின் தொழில் போனது. எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் பெற்று அட்டை எடுக்கலாம், பண்ணையிலும் வளர்க்கலாம். ஒரே கடலில் இங்கே குற்றம், அங்கே தொழில் என்பதை முக்குளிப்பவருக்கு எப்படிப் புரியவைப்பது?

கட்டுப்பாடே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பாசி எடுக்கும் பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். அவர்களை வழிநடத்திய லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. விதியை யார் போடுகிறார்கள், முதலில் யார் மீது பாய்கிறது என்பதில்தான் சண்டை.

பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல், கடற்புல் மேயும் கடல் பசுவுக்கான (எங்கள் ஊரில் ஆவுளியா) பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அதன்பின் ஊருக்குப் போனபோது டீக்கடையில் இதே பேச்சுதான். "விசைப்படகு இழுவை மடி வலையால் கடற்புல்லைச் சுரண்டாமல் தடுத்தால் ஆவுளியாவும் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம்" என்றார் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவர். விசைப்படகு வைத்திருக்கும் அவருடைய மைத்துனர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்காமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.