பாலிசியும் இருக்கட்டும், பெரியாஸ்பத்திரியும் இருக்கட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மருத்துவச் செலவை அரசு ஏற்க வேண்டுமா, அவரவர் பாலிசி எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்பதைச் சுற்றியே இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அமைந்திருக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் இருபத்து மூன்று ஆண்டுகள் கோப்பு பார்த்தவன் என்பதால், நான் தனியார் காப்பீட்டின் பக்கம் நின்று பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோப்புகள்தாம் என்னை மறுபக்கம் தள்ளின என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு ஆண்டுகளாகக் குடும்பத்துக்கு பாலிசி கட்டி வருகிறேன். ஒரு ரூபாய்கூட கிளெய்ம் வாங்கியதில்லை. இதை வங்கியில் போட்டிருந்தால் ஒரு தொகை சேர்ந்திருக்காதா? அவசரம் என்றால் ஜி.எச். இருக்கிறதே?
*(பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளர், திருப்பூர்)*

சேர்ந்திருக்கும்தான். ஆனால் பாலிசி என்பது முறை வந்ததும் எடுத்துக்கொள்வதற்கான சீட்டு அல்ல. நீங்கள் கட்டிய பணம் அந்தந்த ஆண்டே யாரோ ஒருவருடைய இருதய அறுவைக்கும் இன்னொருவருடைய டெங்குக் காய்ச்சலுக்கும் செலவாகிவிட்டது. உங்களுக்கு அப்படியொன்று நேர்ந்திருந்தால் மற்றவர்களின் பணம் உங்களுக்கு வந்திருக்கும். பதினோரு ஆண்டுச் சேமிப்பு முழுவதையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் இருந்தால் கரைத்துவிடலாம்.

அதற்காக, கையில் பாலிசி இருக்கும்போது அரசு மருத்துவமனை எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் குடும்பங்களை மெல்ல அரிப்பது அறுவைச் சிகிச்சையைவிட, மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள்தாம். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால்தான் பேசத் தொடங்கும், ஓ.பி. சீட்டுக்கும் மருந்துக்கடைப் பில்லுக்கும் அவற்றில் இடமில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதற்குப் பின்னால் 1994இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மாநிலம் முழுவதற்குமான மருந்தை ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குவதால், விலையைப் பேசும் வலு அதற்குக் கிடைக்கிறது. தனித்தனியாகக் கடைக்குப் போகும் நமக்கு அந்த வலு கிடையாது.

பாலிசியை விட்டுவிடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து ஆண்டுகள் விடாமல் கட்டியவரிடம், முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது. திட்டமிட்ட மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். 2024 வரை எட்டு ஆண்டு என்று வைத்திருந்த இந்த எல்லையை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். இடையில் நிறுத்திவிட்டுப் புதிதாக எடுத்தால் அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

மூன்று லட்ச ரூபாய் பாலிசி. பில் ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான். ஆனாலும் ஐம்பத்து நாலாயிரத்தை நானே கட்ட வேண்டியிருந்தது. இது ஏமாற்று இல்லையா?
*(மளிகை வணிகர், மதுரை)*

நீங்கள் அனுப்பிய பில் நகலைப் பார்த்தேன். இது ஏமாற்று அல்ல. பாலிசிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு வரி செய்த வேலை. உங்கள் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய். நீங்கள் எடுத்ததோ 5,000 ரூபாய் அறை. நான்கு நாளுக்கு எட்டாயிரம்தானே கூடுதல், அதைக் கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அறையின் தரத்தை ஒட்டி மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் எல்லாமே ஏறுவதால், நிறுவனம் அவற்றையும் ஐந்துக்கு மூன்று என்ற விகிதத்தில் வெட்டுகிறது. உங்கள் பில்லில் அந்தத் தலைப்புகளில் இருந்த 90,000 ரூபாய் 54,000 ஆகியிருக்கிறது. அங்கே போனது 36,000, வாடகையில் 8,000, கையுறை, பஞ்சு, சிரிஞ்சு வகையறாவில் 10,000. மூன்றையும் கூட்டினால் நீங்கள் கட்டிய 54,000. கணக்கு சரியாக இருக்கிறது. (ஒரு கோப்பில் நான்கு நாளுக்கு நூற்றுப்பத்து ஜோடிக் கையுறை எழுதியிருந்ததைப் பார்த்து, நோயாளிக்கு எத்தனை கை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தது நினைவுக்கு வருகிறது.)

மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி ஆகியவற்றின் விலையை இந்த விகிதத்தில் வெட்டக் கூடாது என்பது விதி; உங்கள் பில்லில் வெட்டவில்லை. வெட்டப்பட்டவர்கள் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசியாகக் கேளுங்கள்.

எனக்கு 68 வயது. பிரீமியம் ஆண்டுதோறும் ஏறுகிறது. ஓய்வூதியத்தில் இரண்டு மாதப் பணம் இதற்கே போகிறது. விட்டுவிடலாமா?
*(ஓய்வு பெற்றவர், கும்பகோணம்)*

இந்த ஒரு கேள்வியிலேயே விவாதத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தனியார் காப்பீடு ஒவ்வொருவருக்கும் அவரவர் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப விலை வைக்கிறது. எனவே சம்பாதிக்கும் காலத்தில் மலிவாகவும், சம்பாத்தியம் நின்றபின் எட்டாத விலையிலும் இருக்கிறது. வரிப்பணத்தில் நடக்கும் பொது மருத்துவமோ இருபத்தைந்து வயதில் நீங்கள் செலுத்திய பங்கைக்கொண்டு எழுபத்தைந்து வயதில் உங்களைப் பார்த்துக்கொள்கிறது.

இப்போதைக்கு விடாதீர்கள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்குமேல் உயர்த்த வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. தனிநபர் மருத்துவ பாலிசி மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. முதல் ஐம்பதாயிரத்தையோ ஒரு லட்சத்தையோ நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுக்கும் வகை பாலிசிக்கு மாறினால் பிரீமியம் கணிசமாக இறங்கும். எழுபது வயது முடிந்தவர்களுக்கு, வருமானம் பாராமல் ஐந்து லட்சம் வரையிலான பாதுகாப்பை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. வயது நெருங்கும்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிச் சொற்போரில் "அனைவருக்கும் அரசே மருத்துவம் தர வேண்டும்" என்ற தலைப்பில் பேசுகிறேன். பிரிட்டனையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டால் போதுமா?
*(மாணவி, திருநெல்வேலி)*

போதாது. எதிரணி உங்களை எளிதில் மடக்கிவிடும். அனைவருக்குமான மருத்துவம் என்றாலே அரசு மருத்துவமனை என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தலைப்பில் பலரும் செய்யும் பிழை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் கொண்டுவந்தது தொழிலாளரும் முதலாளியும் சேர்ந்து கட்டும் கட்டாயக் காப்பீடு. சுவிட்சர்லாந்தில் இன்றும் தனியார் நிறுவனங்கள்தாம் காப்பீடு விற்கின்றன. ஆனால் எல்லாரும் வாங்கியாக வேண்டும், அடிப்படைக் காப்பீட்டை நோயைக் காட்டி யாருக்கும் மறுக்கக் கூடாது. பிரிட்டனில் அன்யூரின் பெவன் 1948 ஜூலை 5 அன்று தொடங்கிவைத்தது வரிப்பணத்தில் அரசே நடத்தும் மருத்துவம். தாய்லாந்து 2001இல் முப்பது பாட் கொடுத்தால் சிகிச்சை என்று தொடங்கியபோது பணக்கார நாடாக இருக்கவில்லை. வழிகள் வேறு வேறு. எல்லாரும் உள்ளே என்பது மட்டும் பொது.

அந்த 'எல்லாரும்' ஏன் முக்கியம் என்பதைத்தான் நீங்கள் மேடையில் விளக்க வேண்டும். விருப்பமுள்ளவர் மட்டும் வாங்கும் காப்பீட்டில், நோய் வரும் என்று அஞ்சுபவர் முந்திக்கொண்டு சேர்வார். திடகாத்திரமாக இருப்பவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். செலவு ஏறும், பிரீமியம் ஏறும், இன்னும் சில ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள். இதைத் தடுக்க நிறுவனங்கள் வாசலில் காவல் போட்டே தீர வேண்டும். நம் நாட்டில் முன்பே இருந்த நோய்க்கு மூன்று ஆண்டு வரை பணம் தராத காத்திருப்புக் காலம் வைப்பது அந்தக் காவல்தான். இதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அந்த வணிகத்தின் இயல்பே அது. அமெரிக்காவில் தனியாக பாலிசி வாங்கப் போனவர்களை நோயைக் காட்டித் திருப்பியனுப்பும் வழக்கம், 2010இன் சட்டம் 2014இல் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. அங்கேயும் முதியோருக்கும் ஏழைகளுக்கும் 1965 முதலே அரசுத் திட்டங்கள் உண்டு என்பதை மறக்காதீர்கள். முழுக்கத் தனியாரை நம்பிய நாடு என்று பேசினால் தவறாகும். நாட்டு வருமானத்தில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிட்டும், அங்கே இரண்டரைக் கோடிக்குமேல் மக்கள் காப்பீடின்றி இருக்கிறார்கள்.

எதிரணி அரசு மருத்துவத்தின் காத்திருப்பு வரிசையைக் காட்டும்; காட்டட்டும், அது உண்மைதான். திட்டமிட்ட சிகிச்சைக்குப் பதினெட்டு வாரம் என்று பிரிட்டன் வைத்துக்கொண்ட இலக்கை அது பல ஆண்டுகளாக எட்டவில்லை. நானும் வரிசையில் நின்றவன். என் தாயாருக்கு எழுபத்து நான்கு வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, அதற்கு முன்பே வயதைக் காரணம் காட்டி இரண்டு நிறுவனங்கள் பாலிசி மறுத்திருந்தன. அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவைக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். முதல் மூன்று நாள் கட்டில்கூடக் கிடைக்கவில்லை, தரையில் பாய்தான். சக்கர நாற்காலி தள்ளியவர் ஒவ்வொரு முறையும் ஐம்பது ரூபாய்க்குக் கை நீட்டினார். பிறகு அம்மா நடந்தார், எட்டு ஆண்டுகள் நடந்தார். அறுவைக்காக நாங்கள் கட்டிய தொகை பூஜ்யம். பணம் இல்லாதவர் பாலிசி உலகில் எந்த வரிசையிலும் நிற்பதில்லை, அதனால் அவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்று திருப்பிக் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் என்பது அரசுப் பணத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுப்பதுதானே?
*(தொழிற்சங்க ஊழியர், நெய்வேலி)*

பாதி உண்மை. 2009இல் தொடங்கி, 2012இல் இன்றைய பெயரும் வடிவமும் பெற்ற இத்திட்டத்தில் (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் வரை) தனியார் மருத்துவமனைகளுக்குப் பெரிய பங்கு போகிறது. ஆனால் இங்கே அரசு மருத்துவமனைகளும் இதே திட்டத்தில் சேர்ந்து கிளெய்ம் தொகை பெறுகின்றன. அதைக்கொண்டு கருவிகள் வாங்குகின்றன, ஊழியருக்கு ஊக்கத்தொகையும் தருகின்றன. எனக்குள்ள கவலை வேறு. காப்பீட்டு அட்டைக்கு விழா எடுக்கலாம், படம் அச்சிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு செவிலியர் கூடுதலாக வந்தால் விழா எடுக்க முடியாது. கட்டணம் செலுத்த முடியாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று 1946இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு எழுதியது. அந்தக் குழு முதலில் வரைந்து காட்டியதும் சுகாதார நிலையங்களைத்தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2013–14இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021–22இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு செலவிடும் என்று 2017இன் தேசியக் கொள்கை சொன்ன இடத்தில், 2021–22இல் நாம் 1.84இல் இருந்தோம்.

சம்பளம் இருபத்தோராயிரத்தைத் தாண்டிவிட்டது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உடனே நின்றுவிடுமா?
*(தொழிலாளி, ஓசூர்)*

உடனே நிற்காது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று பங்களிப்புக் காலம் இரண்டாக இருக்கிறது. நடுவில் சம்பளம் உயர்ந்தாலும் அந்தக் காலம் முடியும்வரை உங்கள் 0.75 சதவீதமும் நிறுவனத்தின் 3.25 சதவீதமும் பிடித்தாக வேண்டும், சலுகையும் தொடரும். அதன்பின் வீட்டார் யாருக்காவது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் புதிய பாலிசியில் காத்திருப்புக் காலம் ஓட வேண்டியிருக்கும் என்பதால், இ.எஸ்.ஐ. அட்டை செல்லும்போதே பாலிசியைத் தொடங்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் அந்த நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். முகவர் வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.