தெருவில் வண்டிகள் பறக்கின்றன, இருபுறமும் கார்கள் அடைத்து நிற்கின்றன: வேகத்தடை கேட்கலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. முப்பது அடித் தெருவில் வண்டிகள் பறக்கின்றன, இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. வேகத்தடை போட வைத்து, கார்களையும் எடுக்க வைத்துவிட்டால் பிரச்சினை தீருமா என்று கேட்கிறீர்கள். தீராது. கார்களை மொத்தமாக எடுத்துவிட்டால் வேகம் இன்னும் கூடும். நான் சென்னையில் நங்கநல்லூரில் இருக்கிறேன், குடியிருப்போர் சங்க வேலைகளில் கொஞ்சம் தலையிடுகிறவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேகமும் பார்க்கிங்கும் தனித்தனிப் பிரச்சினை இல்லை, இரண்டும் தெருவின் அகலத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

போர்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறவர் மிகக் குறைவு. சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளை மாற்றியபோது குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 கி.மீ. என்று அறிவித்தது. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு அது தெரியும்? கண்ணுக்கு முன்னால் ரோடு நேராக, அகலமாக, காலியாக இருந்தால் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். எதிரே என்ன வருமோ என்ற சின்ன சந்தேகம் வந்தால்தான் பிரேக்குக்குப் போகும். அந்தச் சந்தேகத்தைத் தெருவே கொடுக்க வேண்டும்.

30-க்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ரோடு, நல்ல பிரேக், ஓட்டுகிறவர் சுதாரிக்க ஒரு வினாடி என்று வைத்தால் 30-இல் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-இல் வந்தால் 27, 28 மீட்டர் ஆகும். பந்தை எடுக்க ஓடிவரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். 50-இல் மோதினால் அடியின் வேகச் சக்தி 30-இல் மோதுவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

முதலில் உங்கள் தெருவில் உண்மையிலேயே என்ன வேகம் என்று பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம், இரண்டு மின்கம்பங்கள்கூடப் போதும், டேப் பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் நின்று செல்போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 6 வினாடிக்குக் குறைவாகக் கடந்தால் 30-ஐத் தாண்டிவிட்டது, 4 வினாடி என்றால் 45. காலை பள்ளி நேரத்தில் கொஞ்சம், இரவு ஒன்பதுக்கு மேல் கொஞ்சம் எடுங்கள். பறக்கிறவர்களில் பாதிப் பேர் தெருக்காரர்களாகவே இருப்பார்கள், அதுவும் தெரிந்துவிடும். மீதிப் பேர் பெரும்பாலும் பக்கத்து சிக்னலைத் தவிர்க்கக் குறுக்கே புகுந்தவர்கள், மேப் காட்டிய வழியில் வந்தவர்கள். "ரொம்ப ஸ்பீடா போறாங்க சார்" என்று மனு கொடுப்பதற்கும், நாள், நேரம், வினாடி எழுதிய ஒரு தாளை நீட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மாநகராட்சி உதவிப் பொறியாளரும் அந்தத் தாளை மேலே அனுப்ப முடியும்.

இனி வேகத்தடை. கெட்டது என்று சொல்லவில்லை, நம் ஊரில் போடுகிற விதம் கெட்டது. சாலைகளுக்கு அளவும் தரமும் வகுக்கிற பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, வேகத்தடையாகப் போடும் வட்ட மேடு என்பது 3.7 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக ஏறி இறங்க வேண்டும், நடுவில் உயரம் 10 செ.மீ. மட்டும். 25 கி.மீ. வேகத்தில் வருகிறவன் அலுங்காமல் கடக்கலாம், அதற்கு மேல் வந்தால் தூக்கிப் போடும். நம் தெருக்களில் இருப்பது என்ன? ஒரு அடி நீளத்தில் அரையடி உயரத்துக்கு ஒரு சிமென்ட் கட்டை, பெயின்ட் கிடையாது, முன்கூட்டியே எச்சரிக்கும் பலகை கிடையாது. யாரோ ஒருவர் வீட்டில் மிச்சமான கலவையை ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டியிருப்பார். அதில் ஆட்டோவில் வரும் முதுகுவலிக்காரரும் கர்ப்பிணியும் படும் பாட்டைக் கேட்டால் தெரியும். பைக்காரனோ ஓரத்தில் கால்வாய்க்காக விட்ட அரையடி இடைவெளியில் புகுந்து அதே வேகத்தில் போய்விடுவான். அந்த இடைவெளியையும் அடைத்தால் மழைத் தண்ணீர் வடிகால் துவாரத்துக்குப் போகாமல் மேட்டுக்குப் பின்னால் குளமாகத் தேங்கும், நங்கநல்லூர் மாதிரித் தாழ்வான பகுதிகளில் இது சின்ன விஷயம் இல்லை. ரப்பர் பட்டை வகையறா இன்னொரு தலைவலி. ஆறு மாதத்தில் பட்டை பிய்ந்து போகும், போல்ட் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கும், தெருமுனை பஞ்சர் கடைக்காரருக்குத்தான் லாபம். ஆகவே கேட்பதாக இருந்தால் அளவைக் குறிப்பிட்டே கேளுங்கள். உங்கள் தெரு மெயின் ரோட்டில் போய் முட்டுகிற இடத்தில், மெயின் ரோட்டின் விளிம்புக்கு 5 மீட்டர் முன்னால் போட வேண்டும் என்பதும் அந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தெரு நடுவில் ஒன்றே ஒன்று போட்டுப் பயனில்லை, அதைத் தாண்டியதும் விட்டதைப் பிடிக்க முறுக்குவார்கள்.

என்னைக் கேட்டால் மேட்டுக்கு முன்னால் முனையைக் கவனிக்கச் சொல்வேன். ரோடு போடும்போதெல்லாம் தெருமுனையை ஓரம் வரை வழித்து, வளைவை விசாலமாக்கிவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பைக் சாய்ந்தபடி வேகம் குறையாமல் உள்ளே திரும்புவது அங்கேதான். வளைவு இறுக்கமாக, ஏறக்குறைய மூலை மட்டம் போல இருந்தால் யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை. போக்குவரத்துக் காவலர்களிடம் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரத்தோடு இரும்புத் தடுப்புகள் இருக்குமே, அவர்களிடம் சொல்லி அதில் இரண்டை முனையில் முன்னும் பின்னுமாக வைக்கச் சொல்லுங்கள். சில வாரம் பார்த்துவிட்டு, பலன் தெரிந்தால் நடைபாதையை அங்கே அகலப்படுத்தித் தரக் கேட்கலாம்.

முனையில் கார் நிறுத்தவே கூடாது. எஸ்.யூ.வி. ஒன்று முனையை ஒட்டி நின்றால் குறுக்கே வருகிற சைக்கிள்காரப் பையன் யாருக்கும் தெரிய மாட்டான். எங்கள் முனையில் வேப்பமரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது, அதை எடுக்கச் சொல்லிச் சிலர் மனுவே எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. நாலு கம்பும் ஒரு கூரையும்தான், ஊடாக அந்தப் பக்கம் தெளிவாகத் தெரிகிறது, அதற்காக வண்டிகள் ஒதுங்கி மெதுவாகவும் திரும்புகின்றன. போதாததற்கு, நாள் முழுக்க தெருவைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார்.

காவல்துறையிடம் போனால் முதலில் "ஒன்வே ஆக்கிடலாமா?" என்பார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எதிரே வண்டி வராது என்று தெரிந்துவிட்டால் வேகம் கூடத்தான் செய்யும். ஒன்வே ஆக்கினால் கூடவே வழியைக் குறுக்கவும் வேண்டும்.

அப்புறம் பார்க்கிங். உங்கள் தெரு 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர். ஓரமாக நிற்கும் காருக்குக் கதவு திறக்கிற இடத்தோடு 2 மீட்டர். இரண்டு பக்கமும் நின்றாலும் நடுவில் 5 மீட்டர் மிச்சம், இரண்டு கார் மெதுவாக ஒதுங்கிப் போகலாம். இதுவே 20 அடித் தெருவாக இருந்தால் இரண்டு பக்கமும் நிறுத்துவது ஆபத்து, நடுவில் 2 மீட்டர்தான் மிஞ்சும், தீயணைப்பு வண்டி நுழையவே நுழையாது. அங்கே ஒரு பக்கம் மட்டும்தான். அதிலும் தெருவின் முதல் பாதியில் இடப்பக்கம், அடுத்த பாதியில் வலப்பக்கம் என்று மாற்றிவிட்டால் நேர் ரோடு நெளிந்த ரோடாகிவிடும், மேடே இல்லாமல் வேகம் குறையும். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் கடைசியில் இப்படித்தான் மரம், தொட்டி, கார் நிற்கும் இடம் எல்லாவற்றையும் வைத்துத் தெருவை வளைத்து விட்டார்கள், 1976-இல் அந்நாட்டில் அதற்குச் சட்டமே வந்தது.

சரி, நிற்கிற கார்கள் யாருடையவை? எங்கள் தெருவில் கணக்கெடுத்தபோது வெளியாள் கார்கள் முகூர்த்த நாட்களில் மட்டும்தான், பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் நம்முடையவைதான். அடுக்குமாடியில் தரைத்தளத்தில் கார் நிறுத்த இடம் விட்டிருப்பார்கள், அங்கே பழைய பீரோவும் தண்ணீர் கேனும் கிடக்கும், கார் தெருவில் நிற்கும். "வாடகைக்கு இருக்கறவங்க வண்டியை வெளிய விட்டுக்கோங்க" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிற வீட்டுக்காரர்தான் சங்கக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து பார்க்கிங் தொல்லை என்பார். சில வீடுகளில் சாய்தளம் ரோட்டுக்குள் மூன்றடி நீண்டிருக்கும், அந்த இடத்தில் வேறு யாரும் நிறுத்த முடியாது. கவர் போர்த்தி டயரில் காற்றில்லாமல் வருடக்கணக்காக நிற்கும் கார் ஒன்றாவது எல்லாத் தெருவிலும் உண்டு. அதை மட்டும் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்து பதிந்து வையுங்கள், கைவிடப்பட்ட வண்டிகளை மாநகராட்சி அகற்றுகிறது, கொஞ்சம் துரத்த வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டு மதிலுக்கு முன்னால் இருக்கும் ரோடு உங்களுடையது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டை மறித்து நிறுத்தினால் அது தவறு, மோட்டார் வாகன ஓட்டுதல் குறித்த 2017-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது, தாராளமாகப் புகார் கொடுக்கலாம். ஆனால் மதில் நீளம் முழுக்க பூந்தொட்டி, கல், கம்பி நட்ட பெயின்ட் டப்பா எல்லாம் வைத்து இடம் பிடிப்பதற்கு எந்த உரிமையும் கிடையாது. அனுமதி இல்லாமல் வைத்த 'நோ பார்க்கிங்' பலகைகள் மீது நடவடிக்கை என்று 2024-இல் சென்னை போக்குவரத்துக் காவல்துறையே எச்சரித்தது.

ஜப்பானில் 1962 முதல் சட்டம் இருக்கிறது: வீட்டிலிருந்து 2 கி.மீ.க்குள் நிறுத்த இடம் இருப்பதாகக் காவல் நிலையச் சான்று வாங்கினால்தான் கார் பதிவாகும், சின்னக் கார்களுக்கு மட்டும் சில ஊர்களில் சலுகை. இங்கே அது வரும் வரை சங்கம் செய்யக்கூடியது ஒன்றுதான், உள்ளே இடம் இருப்பவர்கள் உள்ளே விட வேண்டும் என்று கூட்டத்தில் பேசி ஒத்துக்கொள்ள வைப்பது. எங்கள் தெருவில் பீரோக்கள் வெளியேறவே ஒரு தீபாவளி ஆயிற்று. மண்டபத்துக்காரரோ நேரில் போய்ப் பேசியதும் முகூர்த்த நாளில் விசில் கொடுத்து ஒரு ஆளை நிறுத்த ஒத்துக்கொண்டார். அந்த ஆள் வராத நாளில் பழைய கதைதான்.

மனு கொடுக்க வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலைவிட, வார்டுக்குள் பகுதி வாரியாக மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் பகுதி சபைக் கூட்டம் நல்ல இடம், 2022 நவம்பரிலிருந்து நடக்கிறது. மேட்டுக்குக் காவல்துறை சம்மதம் வேண்டியிருக்கும், மனுவின் நகலை அங்கேயும் கொடுங்கள். உங்கள் தெருவுக்கு ரோடு போடும் டெண்டர் வருவதற்கு முன்பே இதெல்லாம் போய்ச் சேர வேண்டும். புதிதாகத் தார் போட்ட பிறகு முனையை இறுக்கவோ மேட்டை அளவோடு போடவோ சொன்னால் "அடுத்த தடவை பாக்கலாம் சார்" என்பார்கள், அடுத்த தடவை வரச் சில வருடம் ஆகும். தார் போட ஆட்கள் வருகிற ராத்திரி, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுகிறார்களா என்று யாராவது முழித்திருந்து பாருங்கள்.