கேட்காமல் எடுத்த படம்: வக்கீல் பதில்கள்

கே: பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் என்னைச் செல்போனில் படம் எடுத்தான். கேஸ் போடலாமா மேடம்?

ப: நீங்கள் நிற்பதை எடுத்தது மட்டும்தான் என்றால், அதற்கென்று தனிக் குற்றப்பிரிவு இந்தியாவில் இல்லை. பிஎன்எஸ் என்கிற பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் சட்டத்தின் 77ஆம் பிரிவு (பழைய ஐபிசி 354சி) உடை மாற்றுவது, கழிப்பறை போன்ற அந்தரங்க நிலையில் பெண்ணை எடுப்பதைத்தான் தண்டிக்கிறது. முதல் முறைக்கு 1 முதல் 3 ஆண்டு. ஆனால் போனைத் தாழ்த்திப் பிடித்துப் பாவாடைக்குள் எடுத்திருந்தால் ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 66இ வரும். பொது இடம் என்ற சாக்கு அங்கே செல்லாது. 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போனைப் பிடுங்கி அழிக்க வைக்காதீர்கள். படம் போனால் ஆதாரமும் போச்சு.

கே: ஆணை எடுத்தால்?

ப: 77 கிடையாது. 66இ உண்டு.

கே: கல்யாண ஆல்பத்தை ஸ்டூடியோக்காரர் இன்ஸ்டாவில் போட்டுவிட்டார். கேட்டால் காப்பிரைட் அவருடையதாம்.

ப: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். 1957 காப்பிரைட் சட்டம், 17(பி). எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

கே: நான் போட்டோகிராபர். கேமரா என்னுது, லைட்டிங் என்னுது, ராத்திரி முழுக்க எடிட்டிங் என்னுது. உரிமை அவங்களுதா? அட்வான்ஸ் ரசீதிலேயே 'விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்'னு அச்சடிச்சிருக்கேன்.

ப: அந்த ரசீதில் யார் கையெழுத்து? உங்களுடையது மட்டும் என்றால் அவர்கள் சம்மதித்தார்கள் என்று காட்டுவது கஷ்டம். உரிமையை எழுதி வாங்குவதானாலும் எத்தனை வருஷம் என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 19(5)இன்படி 5 ஆண்டுதான்.

கே: அப்போ எங்க உழைப்புக்கு மதிப்பே இல்லையா?

ப: இருக்கிறது. எடுத்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் உங்களுக்கே. மணப்பெண்ணின் முகத்தை விளம்பரத்தில் போடுவது வேறு விஷயம். புக்கிங் அன்றே இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் இந்தச் சண்டையே வராது.

கே: நானே அனுப்பிய படத்தை வைத்துப் பழைய காதலன் மிரட்டுகிறான். நானே கொடுத்ததால் என் மேல்தான் தப்பு என்கிறார்கள்.

ப: இல்லை. எடுக்கச் சம்மதித்தது பரப்பச் சம்மதித்ததாகாது. 77இன் இரண்டாம் விளக்கம் அப்படியே சொல்கிறது. சாட் எதையும் அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். தேதி, நேரம், அவன் நம்பர் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எங்காவது போட்டிருந்தால் முழு லிங்க்கும் வேண்டும். லிங்க் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டால் பாதி வேலைதான் ஆகும். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். இப்படிப்பட்ட படத்தை நீக்க 2021 ஐடி விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவு. இன்னும் பரப்பவில்லை என்றால் சம்மதமில்லாமல் அந்தரங்கப் படம் பரவுவதைத் தடுக்கும் ஸ்டாப்என்சிஐஐ தளம் உதவும். படம் உங்கள் போனை விட்டுப் போகாது, அதன் ஹாஷ், அதாவது படத்தின் கைரேகை மாதிரியான ஒரு குறியீடு மட்டும்தான் போகும். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சிய சட்டம் 63(4) சான்றிதழ் கேட்பார்கள், அதனால் ஒரிஜினல் போனைப் பத்திரமாக வையுங்கள்.

கே: ஜீவனாம்சம் பற்றி...

ப: குடும்ப நல வக்கீலைப் பாருங்கள்.

கே: கோயிலுக்குள் செல்பி?

ப: 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் செல்போனுக்கே தடை போடச் சொன்னது.

கே: மேடம், ரோட்டில் போறப்ப ஒருத்தர் எடுத்தா...

ப: முதல் கேள்வி. படியுங்கள்.

கே: புது டேட்டா சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் போடலாமா? ரோட்டில்தான் எடுத்தார்.

ப: தனிநபர் சொந்த உபயோகத்துக்கு எடுத்தால் அந்த டேட்டா பாதுகாப்புச் சட்டம் (2023) 3ஆம் பிரிவிலேயே விலக்கு. மற்றபடி, மறுபடியும், முதல் கேள்வி. போனை மட்டும் பிடுங்காதீர்கள்.