பள்ளிக்கரணைக்கு எப்போது போனால் பறவைகள் தெரியும்?

கேள்வி: நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். நவம்பர் கடைசியில் 9 வயது மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போனோம். எங்கும் ஒரே தண்ணீர், தூரத்தில் நாலைந்து வாத்துகள், அவ்வளவுதான். படங்களில் பார்க்கும் பூநாரை ஒன்றுகூட இல்லை. எந்த மாதம், எந்த நேரம் போவது நல்லது? பைனாகுலர் கட்டாயமா? எங்களைப் போன்றவர்கள் வந்து போவதால் பறவைகளுக்குத் தொந்தரவு இல்லையா?

பதில்: நீங்கள் போன மாதத்தில் தவறில்லை. வலசைப் பறவைகளில் பல அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் பள்ளிக்கரணையில் மாதத்தைவிடத் தண்ணீரின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. நல்ல மழை பெய்த நவம்பரில் சதுப்பு நிலம் முழுக்க ஏரிபோல நிற்கும். அப்போது முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் கொண்டாட்டம். நின்று மேயும் பறவைகளுக்கு அங்கே கால் ஊன்ற இடமில்லை.

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் ஆழம் உண்டு. சிறிய உள்ளான்களுக்கு ஒன்றிரண்டு விரல் தண்ணீர்தான் வேண்டும். ரோஜா நிறக் கால்களுள்ள நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் வரை இறங்கும். ஆண்டி வாத்தும் ஊசிவால் வாத்தும் தலையை மட்டும் முக்கி மேயும் ஆழத்தைத் தேடும். பூநாரை காலால் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சிற்றுயிர்களை வடிகட்டித் தின்கிறது. அதற்குச் சேறு காலுக்கு எட்ட வேண்டும். மழை நின்று தண்ணீர் வடிய வடியத்தான் இவை ஒவ்வொன்றாகக் கூடும். பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். மழை குறைந்த ஆண்டில் இன்னும் முன்னதாகவே போகலாம். கிளம்பும் முன் 200 அடி ரேடியல் சாலையில் போகிற யாரிடமாவது சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிகின்றனவா என்று கேளுங்கள். தெரிந்தால் உடனே போகலாம்.

விடிந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். மாலை என்றால் நாலரைக்கு மேல். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் கானல் ஆடும். எவ்வளவு விலை உயர்ந்த பைனாகுலரிலும் உருவம் கலங்கித்தான் தெரியும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். வனத்துறையின் சூழல் பூங்காவில் நடைபாதை சமதளமாக இருப்பதால் மாமியாருக்குச் சிரமமிருக்காது. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் கட்டாயமில்லை. வாங்குவதானால் 8 மடங்கு பெருக்குவது போதும். அதற்கு மேல் போனால் குழந்தையின் கையில் படம் நடுங்கும். மகளிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு பறவையைப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். தாமரைக்கோழி அதற்கு அருமையானது. நீண்ட விரல்களை விரித்து மிதக்கும் இலைகள்மேல் நடக்கும். படங்களில் பார்க்கும் நீள வால் ஜனவரியில் இருக்காது, இனப்பெருக்கக் காலத்தில்தான் வளரும். அடைகாப்பது ஆண் பறவை என்பதையும் சொல்லிப் பாருங்கள், அவள் கேள்விகள் உங்களைத் திணறடிக்கும்.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. நடைபாதையை விட்டு இறங்காமல் அமைதியாகப் பார்ப்பவர்களால் பெரிய கெடுதல் இல்லை. மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் தலை தூக்கிப் பார்த்தால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்றுவிடுங்கள். படத்துக்காகக் கை தட்டிப் பறக்கவிடுவதும், கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், ட்ரோன் விடுவதும் கூடவே கூடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையை ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

உண்மையான காயம் வேறு இடத்தில் இருக்கிறது. கழிவுநீர், பெருங்குடிக் குப்பைமேடு, நடுவே வெட்டிப் போன சாலை, சுற்றிலும் எழும்பிய கட்டடங்கள். இவற்றுக்கிடையே 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆகாயத்தாமரை அகற்றப்பட்டது, குப்பைமேட்டைப் பிரித்தெடுக்கும் வேலையும் தொடங்கியது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மீட்பு என்ற பெயரில் முழுவதையும் ஆழமாகத் தோண்டிவிட்டால் வெள்ளநீர் அதிகம் தங்கும், ஆனால் உள்ளான்கள் போய்விடும். ஆழமும் வேண்டும், ஆழமில்லாத சேறும் வேண்டும். இதை எடுத்துச் சொல்ல ஆண்டு முழுக்க எடுத்த பறவைக் கணக்கு தேவை.

அங்கேதான் உங்களுக்கு வேலை. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, தெரிந்த பறவைகளை மட்டும் எண்ணிக்கையோடு ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். முன்பு பார்த்ததையும் அந்தப் பழைய தேதியிட்டு அந்தத் தளத்தில் ஏற்றலாம். பறவை குறைவாக இருந்த நாளின் பட்டியலுக்கும் மதிப்பு உண்டு.

ஜனவரியிலும் பள்ளிக்கரணை நிரம்பித் ததும்பினால் ஜிஎஸ்டி சாலையைப் பிடித்து வேடந்தாங்கல் போய்விடுங்கள். அங்கே பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் ஆழமான தண்ணீர் நிற்பதால் பூனையும் நரியும் கூடுகளை எளிதில் நெருங்க முடியாது. நிறைந்த ஏரிதான் அங்கே பார்க்க வேண்டிய ஏரி.