திருடுபோன கைபேசியும் வங்கிக் கணக்கும்

கேள்வி: பேருந்து நெரிசலில் என் கைபேசி திருடுபோய்விட்டது. திரைப்பூட்டு போட்டிருந்தும் அச்சமாக இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

- ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் சிம் கார்டை முடக்குங்கள். திரைப்பூட்டு கைபேசியை மட்டுமே காக்கும். திருடியவர் சிம்மைக் கழற்றி வேறொரு கருவியில் போட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி அவர் கைக்கே போய்ச் சேரும் என்பதால், வீட்டிலுள்ள எவருடைய கைபேசியிலிருந்தாவது சேவை நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யுங்கள். கூகுள் கணக்கு வழியாகத் தொலைவிலிருந்தே தரவுகளை அழித்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அழித்தபின் கைபேசியின் இருப்பிடம் தெரியாது, இருந்தும் அழிப்பதே நல்லது என்பேன். காவல் நிலையப் புகார் நகலுடன் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பதிந்தால், அக்கருவியை இந்தியாவில் எந்தச் சிம்முடனும் இயங்காதபடி முடக்குவார்கள். அதற்கு வேண்டிய 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்), கைபேசி வந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் அச்சாகியிருக்கும்.